தொண்டும் நிமிர்வும்

(கெடா மாநிலம் கரங்கானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறருக்காக உழைப்பவர் தம்முடைய மதிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்பதே இன்றைய பொருள். இதற்கு அறநூல்களை மட்டும் புரட்டி விடை சொல்லிவிடலாம். ஆனால் நாம் கூடியிருக்கும் இந்த மண்ணே அந்தக் கேள்வியை ஒருமுறை எழுப்பி, உயிரைக் கொடுத்து விடை தேடியிருக்கிறது. கரங்கானை ஒட்டியிருக்கும் டப்ளின் தோட்டத்தில் 1947 ஏப்ரல் 28ஆம் நாள் போலீசார் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தொண்டர் படை என்ற இயக்கத்தின் தலைவர் ஒருவரைக் கைது செய்ய வந்த நேரத்தில், அவரைக் காக்கத் திரண்ட கூட்டத்தின்மீது பாய்ந்த குண்டு அது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தொழிற்சங்க வரலாற்றின் ஓர் அத்தியாயமாக இதைப் பேசுகின்றன. எனக்கு அது, தொண்டு என்ற சொல்லின் பொருளையே நம் தோட்டத்து மக்கள் மாற்றி எழுத முயன்ற நிகழ்ச்சியாகப் படுகிறது. தன்மதிப்பு தொண்டுக்கு இடையூறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தன்மதிப்பு இல்லாத இடத்தில் தொண்டு நிலைப்பதில்லை, அது ஊழியமாகச் சுருங்கிவிடுகிறது என்பதே நான் இன்று முன்வைக்கும் வாதம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் வேலைக்கும் பணி என்கிறோம், தலை தாழ்த்துவதற்கும் பணி என்கிறோம். தொண்டு என்ற சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தரும் பொருள்களில் அடிமைத்தன்மையும் ஒன்று. உழைப்பும் தாழ்வும் ஒரே சொல்லில் குடியிருப்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குறை என்று நான் சொல்லவில்லை. உழைத்தவர்கள் பெரும்பாலும் குனிந்தே நின்ற காலங்களின் தடம் அது. பக்தி நெறி அந்தச் சொல்லை உயர்த்தியது. இறைவனுக்கு ஆட்படுவது வேறு யாருக்கும் ஆட்படாமைக்கு வழியானது. ஆனால் ரப்பர்த் தோட்டம் வந்தபோது, சொல்லின் பழைய பொருளே மீண்டும் மேலே வந்தது. துரைக்குப் பணிவதும் துரைக்குப் பணி செய்வதும் ஒன்றாகிவிட்டன. வாங்கிய கூலிக்கு உழைப்பைக் கொடுத்தால் போதாது. கூடவே உடலின் வளைவையும் கொடுக்க வேண்டியிருந்தது.

இது வெறும் உவமை அன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை. கற்பனை செய்து பாருங்கள். செம்மண் சாலை. வேலை முடிந்து ஒருவர் சைக்கிளில் வருகிறார். எதிரே துரையின் வண்டி. அவர் இறங்க வேண்டும், ஓரமாய் நிற்க வேண்டும், வண்டி கடந்த பிறகுதான் மீண்டும் ஏறி மிதிக்கலாம். அந்த இறக்கத்தால் தோட்டத்துக்கு ஒரு சொட்டுப் பால்கூடக் கூடுதலாக வரப்போவதில்லை. கேட்கப்பட்டது மரியாதையின் பெயரிலான ஒரு கழித்தல். மனிதனின் மதிப்பிலிருந்து நாள்தோறும் சிறிது கழித்துக்கொள்ளும் கணக்கு. அந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார்; தொழிலாளர்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இங்கேயே ஒரு மறுப்பு எழும். வயிற்றுக்கு இல்லாதவனுக்கு மதிப்பைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்குப் பாட்டுச் சொல்வது போல, முதலில் சோறு, பிறகுதான் சுயமரியாதை என்பார்கள். பரிவோடு சொல்லப்படும் கருத்துதான். ஆனால் பசித்தவர்கள் அப்படி வரிசைப்படுத்தவில்லை என்பதைக் கிள்ளான் கோரிக்கைகளே காட்டுகின்றன. காசுக் கணக்கில் கூலி உயர்வு கேட்ட அதே மக்கள், அதே மூச்சில் சைக்கிளையும் கேட்டார்கள். காரணம் எளிது. தாழ்த்தியே வைத்திருக்கும் இடத்தில் கூலியும் தாழ்ந்தே இருக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். குனிந்து நிற்பவன் கையில் வைப்பதற்குப் பெயர் கூலி என்றாலும், வைப்பவன் மனத்தில் அது பிச்சைதான்.

இனி கெடாவுக்கு வருவோம். ஜப்பானியர் காலம் நம் தோட்டங்களைச் சூறையாடிவிட்டுப் போயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். லயத்துக்கு லயம் திரும்பாதவர்களின் வீடுகள் இருந்தன. அதே காலத்தில் இந்திய தேசிய இராணுவம் தோட்டத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஒரு புதிய அனுபவத்தைத் தந்தது: அணிவகுத்து நிற்பது, கட்டளைக்கு நிமிர்வது. போர் முடிந்து துரைமார்கள் திரும்பியபோது எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. குடி ஒழிப்பு அதன் முதல் வேலை. தோட்டத்துக் கள்ளுக்கடை அக்காலத்தில் ஒதுக்குப்புறத்தில் ஒளிந்து நடந்த ஒன்றன்று. நிர்வாகத்தின் அனுமதியோடு, நிர்வாகத்தின் எல்லைக்குள் நடந்தது. அதன் இலாபத்தின் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கப்பட்டது. காலையில் கொடுத்த கூலியை மாலையில் கள்ளாக வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை நன்கொடையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு. பிறருக்கு உதவுவதாகத் தோன்றிக்கொண்டே அவர்களின் மதிப்பை அரிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1947 பிப்ரவரி இறுதியில் கள்ளுக்கடை எதிர்ப்புக் கூட்டத்தை ஹார்வார்ட் பகுதியில் போலீசார் கலைத்தபோது ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மோதல் மூண்டு, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டம். இரண்டு மாதத்துக்குள் ஓர் இயக்கம் நசுக்கப்பட்டது. ஆனால் அதன் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘தொண்டர்’ என்பது குனிவை நினைவூட்டும் சொல்; ‘படை’ நிமிர்ந்து நடப்பவர்களின் சொல். தோட்டத்து மக்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக்கினார்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்து வரிசையில் நின்ற அதே உடல்கள், இப்போது தாமே வகுத்துக்கொண்ட வரிசையில் நின்றன. முன்னதில் அவர்கள் எண்ணப்பட்டார்கள், பின்னதில் அவர்களே எண்ணினார்கள். அயலாரின் குடியை நிறுத்தப் போனவர்கள் முதலில் தங்கள் முதுகை நேராக்கிக்கொண்டார்கள். தொண்டின் முதல் அடி அதுதான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள் என்பதே என் வாசிப்பு.

இந்த வாசிப்புக்கு எதிரான வலுவான மறுப்பு நம் மரபிலிருந்தே வரும். தன்னை மறப்பதல்லவா தொண்டு, நான் என்பது கரைவதல்லவா அதன் உச்சம், தன்மதிப்பைப் பேசுவது ஆணவத்துக்கு வாசல் திறப்பதாகாதா என்று கேட்பார்கள். சமயப் பற்றுள்ளவர்கள் மனமார எழுப்பும் இந்தக் கேள்விக்குச் சமயத்துக்குள்ளிருந்தே விடை தேடுவதுதான் முறை. தமிழில் தொண்டு என்றவுடன் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசர். கையில் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகச் சென்று, பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியவர். அதைவிடக் குனிந்த வேலை வேறில்லை. அதே அப்பரைப் பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது, தாம் எந்த மனிதருக்கும் ஆட்பட்டவர் அல்லர் என்று பாடி மறுத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். புல்லுக்குக் குனிந்தவர் அரசனுக்குக் குனியவில்லை. இரண்டும் ஒரே மனிதரின் இரண்டு மனநிலைகள் அல்ல, ஒரே மனநிலைதான். எதற்குக் குனிவது என்பதைத் தாமே தேர்ந்துகொண்டவர் என்பதால்தான் எதற்குக் குனிவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆணவம் பிறரைவிட நான் உயர்ந்தவன் என்கிறது. தன்மதிப்பு, பிறரைவிட நான் தாழ்ந்தவன் அல்லன் என்று மட்டும் சொல்கிறது. தன்னை மறக்க வேண்டுமானாலும், மறப்பதற்கு ஒரு தான் முதலில் இருக்க வேண்டும். அதைப் பறித்துக்கொண்டு தியாகம் செய் என்பது, கையில் காசில்லாதவனைத் தானம் கேட்பது.

இன்னொரு மறுப்பை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. குடித்தவர்களைத் தொண்டர் படையினர் மிரட்டினார்கள், தண்டித்தார்கள் என்று அக்கால அதிகாரிகளின் பதிவுகள் குற்றஞ்சாட்டுகின்றன. அந்தப் பதிவுகள் படையை ஒடுக்க நினைத்தவர்களுடையவை; மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் முழுவதையும் பொய்யென்று தள்ளுவது நேர்மையாகாது. சீர்திருத்தம் வேகம் பிடிக்கும்போது சீர்திருத்தப்படுபவனின் மதிப்பு கால்கீழ் மிதிபடுவது எந்த இயக்கத்திலும் நேரக்கூடியது. குடியிலிருந்து மீட்கிறேன் என்று ஊர் நடுவே ஒருவரை அவமானப்படுத்தினால், துரை செய்த கழித்தலை நாமும் செய்தவர்களாகிறோம். என் வாதத்தை இது பலவீனமாக்கவில்லை. தன்மதிப்பு என்ற அளவுகோல் இரு பக்கமும் அளக்க வேண்டியது என்பதையே இது உணர்த்துகிறது. கொடுப்பவரும் நிமிர்ந்து நிற்க வேண்டும், பெறுபவரும் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒருவர் குனிந்தால்தான் நடக்கும் என்றால், அந்தத் தொண்டில் எங்கோ கோளாறு இருக்கிறது.

அந்த அளவுகோலை இப்போது நம் வீட்டுக்குள் கொண்டுவருகிறேன், ஏனெனில் மதிப்பிடப்படாத தொண்டு மிகுதியாகக் கிடப்பது அங்கேதான். தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டிச் சமைத்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, நிரையில் மரம் வெட்டி, மங்கிலிருந்து பாலைச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து, திரும்பி வந்து மீண்டும் அடுப்பு. இத்தனைக்கும் 1928இல் அரசு நிர்ணயித்த நாட்கூலி, முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வெட்டும் கத்தியும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். பின்னாளில் செம்பனை வந்தபோது, கணவர் குலை தள்ள மனைவி உதிரிப் பழம் பொறுக்குவது வழக்கமாயிற்று. பல இடங்களில் கணக்கில் ஏறியது கணவரின் பெயர் மட்டும். குடும்பத்துக்காகத்தானே என்று மனைவியும் கேட்கவில்லை, மற்றவரும் கேட்கவில்லை. பெயரே ஏறாத உழைப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அதைச் செய்தவரே தம் உழைப்பை வேலை என்று எண்ணுவதை விட்டுவிடுகிறார். இன்றும் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் தன் வேலையை விட்ட மகளிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா வீட்டில்தான் இருக்கிறேன் என்றுதான் விடை வரும். அந்தச் ‘சும்மா’ என்ற சொல் நாம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

அப்படிக் கற்க மறுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ராசம்மா பூபாலன் இளம் பருவத்திலேயே இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மாவுக்குச் சென்றவர். நாட்டு விடுதலைக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவர் பிறகு ஆசிரியரானார். ஆசிரியப் பணி புனிதமானது என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் பெண் ஆசிரியருக்கு ஆண் ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். புகழ்ச்சியைப் பெற்றுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவர் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்துச் சம ஊதியத்துக்காகப் போராடினார். அறுபதுகளின் முடிவில் அரசு அக்கொள்கையை ஏற்றுப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. சேவை செய்பவர் சம்பளம் கேட்கலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே விடை. உயிரைக் கேட்டபோது தயங்காதவர், தம் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டபோது சும்மா இருக்கவில்லை. இந்த இரண்டில் எது தொண்டு, எது தன்னலம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் கேட்ட ஊதியம் அவருக்கு மட்டும் வந்ததன்று. அவருக்குப் பின் வந்த அத்தனை பெண் ஆசிரியருக்கும் வந்தது.

இனி எஞ்சுவது நடைமுறைக் கவலை. எல்லோரும் தம் மதிப்பைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கோயிலுக்கும் பள்ளிக்கும் யார் வருவார்கள்? கெடாவின் வரலாற்றிலேயே இதற்கும் விடை இருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, பரம்பரையாக அங்கேயே உழைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அரசியல் தலைவர் துன் சம்பந்தன் ஊர் ஊராகச் சென்று, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதலில் வாங்கிய தோட்டம் இந்தக் கூலிம் வட்டாரத்தின் புக்கிட் சிடிம். சக தொழிலாளியின் வீடு பறிபோகாமல் காக்க நீட்டிய பத்து வெள்ளி அது, ஐயமில்லாத தொண்டு. ஆனால் அந்தப் பத்து வெள்ளிக்கு ரசீது உண்டு, பங்கு உண்டு, உறுப்பினர் என்ற பெயர் உண்டு. கொடுத்தவர் நன்கொடையாளராகப் போய்விடவில்லை, உடைமையாளராக நிமிர்ந்தார். அன்றாடக் கூலிக்காரர்கள் பல்லாயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள். கணக்கும் மதிப்பும் தொண்டைக் கெடுக்குமானால் அவர்கள் விலகியிருக்க வேண்டும். அவை இருந்ததால்தான் வந்தார்கள்.

மாறாக, கணக்கே இல்லாத தொண்டு எப்படி முடிகிறது என்பதை இன்றைய நம் ஊர்களில் பார்க்கலாம். இளையோர் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பினாங்கு ஆலைகளுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டங்கள் காலியாகி, லயங்கள் மறைந்து, கோயிலும் தமிழ்ப் பள்ளியும் மட்டும் மிஞ்சிய இடங்கள் பல. அவற்றைத் தாங்கி நிற்பவர்கள் ஊருக்கு நாலைந்து பேர். திருவிழா அன்னதானத்துக்குச் சமைப்பவரும் அவர்களே, பள்ளிக் கூரைக்கு நிதி திரட்டுபவரும் அவர்களே, இறப்பு வீட்டுக்கு நாற்காலி கொண்டுபோய்ப் போடுபவரும் அவர்களே. அவர்களை நாம் மிகவும் நல்லவர்கள் என்று புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியையே சங்கிலியாக்கிக் கட்டியும் வைக்கிறோம். முடியாது என்று ஒருமுறை சொன்னால் மனம் மாறிவிட்டார் என்கிறோம். சில ஆண்டுகளில் அவர் கசந்து விலகுகிறார், அல்லது எல்லாம் என்னால்தான் நடக்கிறது என்று இறுகிப்போகிறார். நாம் அஞ்சும் ஆணவம் உண்மையில் பிறக்கும் இடம் இது. மதிப்புக் கிடைக்காதவர் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார். தன்மதிப்பைத் தடுத்துத் தன்னடக்கத்தை வளர்க்கலாம் என்ற எண்ணம் இப்படித்தான் தலைகீழாக முடிகிறது.

ஆகவே இளையோரை நோக்கி நான் தியாகம் செய்யுங்கள் என்று சொல்லப்போவதில்லை. தொண்டுக்கு வாருங்கள், ஆனால் எந்த வேலை, எவ்வளவு காலம், யாரோடு சேர்ந்து என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். முடியாத அன்று முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லக்கூடியவர் சொல்லும் ‘சரி’க்குத்தான் பொருள் உண்டு. நிர்வாகங்களில் இருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் எளியது. அடுத்த திருவிழாவின் வரவுசெலவுக் கூட்டத்தில் சந்தனம், பூ, வாழையிலைக் கணக்கைப் படிப்பதற்கு முன், அடுப்படியில் நின்ற பெண்களின் பெயர்களைப் படியுங்கள். இத்தனை ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறீர்கள், தொடர விருப்பமா, ஓய்வு வேண்டுமா என்று அவர்களைச் சபையில் கேளுங்கள். ஓய்வு வேண்டும் என்றால் கைதட்டி அனுப்பிவிட்டு, கரண்டியை அடுத்தவர் வாங்கிக்கொள்ளட்டும். துரையின் முன் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களும், தொண்டர் என்ற பெயரோடு நிமிர்ந்து நடந்து இந்த டப்ளின் மண்ணில் குண்டை எதிர்கொண்டவர்களும் விட்டுச்சென்ற வேலையில் நம் பங்கு இவ்வளவுதான். இதை நாம் இந்த ஆண்டே தொடங்கலாம்.